மூன்று கிலோவாட்டுக்குக் காசு, இரண்டு கிலோவாட்டுக்குக் கரண்ட்

அனுப்புநர்:
வாடிக்கையாளர் (பெயரும் மின் இணைப்பு எண்ணும் இணைத்துள்ள ரசீது நகலில் உள்ளன),
முட்டம் அருகில், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
வீட்டு மாடி சோலார் அமைத்துத் தந்த நிறுவனம், நாகர்கோவில்.

நாள்: 09-01-2026

பொருள்: எங்கள் வீட்டு 3 கிலோவாட் சோலாரில் உள்ள குறைகள், கூடுதலாக வாங்கிய வரி, வந்து சேராத மானியம் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். உங்கள் அலுவலகத்துக்கு நான் ஆறு தடவை போன் செய்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் வேறு தம்பி எடுக்கிறார், நானும் முதலிலிருந்து கதை சொல்கிறேன். அதனால்தான் இதைப் பதிவுத் தபாலில் எழுதுகிறேன்.

நான் வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறவள். மோட்டார் வைத்த மிஷின் இரண்டு, இஸ்திரிப் பெட்டி, ஃபிரிட்ஜ், கிணற்று மோட்டார் எல்லாம் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஓடும். பில் 1,300 ரூபாயைச் சுற்றி வரும். கடந்த ஆகஸ்டில் உங்கள் ஆள் வந்தபோது இந்த பில் அட்டையை அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "மூணு கிலோவாட் போட்டாதான் அக்கா 78,000 மானியம் முழுசா வரும், ரெண்டு போட்டா நட்டம்" என்றார்.

அந்தக் கணக்கைப் பிறகு நானே போட்டுப் பார்த்தேன். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 மட்டும். அதாவது மூன்றாவது கிலோவாட்டில்தான் அரசாங்கத்தின் கை சுருங்குகிறது, நம் கைக்காசு அதிகம் போகிறது. நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பொதுவாக நாளைக்கு 4 யூனிட் தரும் என்று உங்கள் நோட்டீஸிலேயே இருக்கிறது. அப்படியானால் 2 கிலோவாட்டுக்கு இரண்டு மாதத்தில் 480 யூனிட். எனக்கு வேண்டியது 420. உங்கள் விலைப்பட்டியல்படி 2 கிலோவாட் 1,30,000, மானியம் போக 70,000. என்னிடம் வாங்கியது 1,93,460, மானியம் வந்தால் 1,15,460. பில் முழுதும் பூஜ்யமாகிறது என்றே வைத்துக்கொள்வோம், வருடத்துக்கு மிச்சம் 7,800 ரூபாய். இரண்டு போட்டிருந்தால் ஒன்பது வருடத்தில் முதல் திரும்பியிருக்கும். இப்போது பதினைந்து வருடம் ஆகும். எனக்கு வயது 51.

எதிர்வீட்டுக்காரர்களுக்கு 560 யூனிட் வரும். அவர்களிடமும் உங்கள் ஆள் மூன்றுதான் சொல்லியிருக்கிறார். 500-ஐத் தாண்டினால் பில் எப்படி எகிறும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 ஆனால் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். அந்த வீட்டுக்கு ஒரு கிலோவாட் வைத்தாலே 240 யூனிட் குறைந்து 320-இல் நிற்கும். சாதாரணக் குடும்பம் தாங்கக்கூடிய செலவும் அதுதான். பில்லைப் பார்த்து அளவு சொல்லும் ஒரு ஆளை நீங்கள் வைத்திருந்தால் இந்தத் தெருவில் இன்னும் நாலு வீட்டில் சோலார் ஏறியிருக்கும். என் கதையைக் கேட்டபிறகு யாரும் அசையமாட்டேன் என்கிறார்கள்.

அடுத்தது நிழல். என் முதல் கோபமே இதில்தான்.

மேற்குப் பக்கம் அடுத்த வீட்டுத் தென்னை இரண்டு நிற்கின்றன. பிற்பகல் இரண்டரை ஆனதும் ஒரு மரத்தின் நிழல் கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஓரத்துப் பேனலில் ஏறும், மூன்று மணிக்கு இரண்டாவது பேனல். காற்றடித்தால் ஓலை நிழல் பேனல்மேல் சீப்பு போட்டதுபோல் ஆடும். வேலைக்கு வந்தவரிடம் இதைக் கைநீட்டிக் காட்டினேன். "சாயங்கால நிழல்தானே அக்கா, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு துளை போட்டார். அவர் வந்தது காலை பத்து மணிக்கு.

எல்லாப் பேனலும் ஒரே வரிசையாகக் கோத்தவை என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரே நூலில் ஓட்டிய தையல் மாதிரி, ஓரிடத்தில் நூல் இழுத்தால் பக்கமெல்லாம் சுருங்கும். உள்ளே டயோடு இருக்கிறது, நிழல் விழுந்த பகுதியை ஒதுக்கிவிட்டுக் கரண்டை வேறு வழியாக விடும், நட்டம் குறையும் என்று போனில் ஒரு தம்பி சொன்னார். குறைந்த பிறகும் கணக்கு இதோ. அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் மாலை ஐந்தரைக்கு இன்வெர்ட்டர் காட்டும் எண்ணை எழுதி வருகிறேன். டிசம்பரில் மழையில்லாத நாட்களில் 8 யூனிட், மிஞ்சினால் எட்டரை. சுசீந்திரத்தில் என் தங்கை வீட்டில் வேறொருவர் வைத்த 2 கிலோவாட் இருக்கிறது. அதே நாட்களில் அங்கேயும் 8. வடகிழக்குப் பருவமழை என்று நீங்கள் சொன்ன காரணம் சுசீந்திரத்துக்கும் சேர்த்துத்தானே? எனக்குத் தேவையில்லாத அந்த மூன்றாவது கிலோவாட், பணம் கட்டியபிறகு தென்னை நிழலில் படுத்துக் கிடக்கிறது.

கடற்கரை ஊர் என்று தெரிந்தும் போட்டிருக்கிற போல்ட்டுகளில் இரண்டே மாதத்தில் துரு வந்துவிட்டது. போட்டோ வைத்திருக்கிறேன். ஆடிக்காற்றுக்கு முன் மாற்ற வேண்டும்.

"கரண்ட் போனாலும் உங்க வீட்டுல மட்டும் லைட் எரியும்" என்று உங்கள் நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் போஸ்டுகள் எப்படிச் சாய்ந்தன, எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது உங்களுக்கும் தெரியும். அந்த ஒரு வரிக்காகத்தான் என் மாமியார் சரி என்றார்கள். பாட்டரி இல்லாமல் லைனோடு சேர்ந்து ஓடும் சோலார், லைனில் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிறவர்கள் உயிருக்காக அப்படி. அது சரியான ஏற்பாடு, அதில் எனக்குக் குறையில்லை. தெரிந்துகொண்டே பொய் அச்சடித்ததுதான் குறை.

இனி பணம். பில்லில் 1,70,000-க்கு 13.8 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறீர்கள். சோலார் சாதனங்களுக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமானது 2025 செப்டம்பர் 22 முதல். 70 பங்கு பொருள், 30 பங்கு வேலை என்ற கணக்கில் மொத்தம் 8.9 சதவீதம்தான் வரும். உங்கள் பில் தேதி அக்டோபர் 14, வேலை நடந்ததும் அதே வாரம். கூடுதலாக வாங்கியது 8,330 ரூபாய். அட்வான்ஸ் ஆகஸ்டிலேயே வாங்கிவிட்டோம் என்பது பதில் ஆகாது.

மானியம் இன்னும் வரவில்லை. மின் இணைப்பு காலஞ்சென்ற என் மாமனார் பெயரில் இருக்கிறது. உங்கள் ஆள் அந்த எண்ணில் பதிவு செய்துவிட்டு, வங்கிப் புத்தகம் மட்டும் என்னுடையதை வாங்கிக்கொண்டார். இரண்டு பெயரும் ஒத்துப்போகாமல் விண்ணப்பம் நிற்கிறது. முதலில் பெயர் மாற்றிவிட்டு வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தினம் இதையே செய்கிற உங்களுக்குத் தெரியாமலா?

முழுப் பணத்தையும் முன்னமே கேட்டதால் நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சம் எடுத்தேன். வட்டி மாதம் 1,125. பில்லில் மிச்சமாவது மாதம் 650. இதே திட்டத்தில் 3 கிலோவாட் வரை ஈடில்லாமல் குறைந்த வட்டிக்கு வங்கிக் கடன் உண்டு என்பதை என் தங்கைதான் சொன்னாள், அதுவும் நகை போனபிறகு. முப்பந்தலில் காத்தாடி சுற்றுகிறது, கோதையாற்றில் தண்ணீரிலிருந்து கரண்ட் எடுக்கிறார்கள், சுத்தமான கரண்ட் இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. அது என் வீட்டு மாடிக்கு வர என் வளையல் போக வேண்டியதாயிற்று.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். நிழல் விழும் இரண்டு பேனலையும் தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே உங்கள் செலவில் மாற்றுங்கள், முடியாது என்றால் அவற்றை எடுத்துக்கொண்டு விலையைத் திருப்புங்கள். வரி 8,330-ஐத் திருப்பித் தாருங்கள். பெயர் மாற்றத்துக்கு நான் விண்ணப்பித்துவிட்டேன், மானிய விண்ணப்பத்தைச் சரிசெய்யும் வேலை உங்களுடையது. நவம்பரிலிருந்து மானியம் வரும் நாள்வரை 78,000-க்கான அடகு வட்டியும் உங்கள் பொறுப்பு. போல்ட்டை மாற்றுங்கள். ஐந்து வருடப் பராமரிப்பை எழுத்தில் தாருங்கள், வாய்ச்சொல் வேண்டாம்.

15 நாளில் எழுத்துப்பூர்வமாகப் பதில் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டு நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது என்று விசாரித்துவிட்டேன்.

ஆள் அனுப்புவதானால் பிற்பகல் இரண்டரைக்கு மேல் அனுப்புங்கள். ஏணி எங்களிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், மின்கட்டண அட்டை நகல், நோட்டீஸ், தினசரி யூனிட் எழுதிய நோட்டுப் பக்கங்களின் நகல், போட்டோ ஏழு.