சாண் என்ன, முழம் என்ன?

அன்பு மகனுக்கு,

நேற்று இரவு நீ தொலைபேசியில் பேசியதை வேறு யாராவது கேட்டிருந்தால், ஏதோ பெரிய குற்றத்தை ஒப்புக்கொள்கிறாய் என்றுதான் நினைத்திருப்பார்கள். அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள், எடை குறைக்க வாயைக் கட்டியிருந்த நீ ஒரு துண்டு சாக்லேட் கேக் சாப்பிட்டாய். நடந்தது அவ்வளவுதான். "எல்லாம் பாழாகிவிட்டது அம்மா" என்று நீ அரை மணி நேரம் புலம்பியது அந்தக் கேக்கைப் பற்றி. ஆனால் வீட்டுக்கு வந்து பீட்சா வரவழைத்ததையும், அதன் மேல் ஐஸ்கிரீம் சாப்பிட்டதையும் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாய். எனக்கு உறுத்தியது அதுதான். போனில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உன் உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவதில் 500 கலோரி குறைத்துச் சாப்பிடுவதாகச் சொன்னாய். அப்படியானால் வாரத்துக்கு 3,500. கேக் நல்ல கனமான துண்டு, 400 கலோரி என்றே வைத்துக்கொள். அதற்கு ஈடாக வேறு எதையும் குறைக்காவிட்டாலும் உன் கையில் 3,100 மிச்சம் இருக்கிறது. வாரம் முழுக்கச் சேர்த்ததில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் போயிற்று, அவ்வளவே. ஆனால் ஒரு முழு பீட்சாவைத் தனியாளாகத் தீர்த்து, மேலே ஐஸ்கிரீமும் குளிர்பானமும் என்றால் அது சுலபமாக 2,000 கலோரியைத் தொட்டுவிடும். பாதி வாரத்து உழைப்பைத் தின்றது கேக் இல்லை, கேக் சாப்பிட்டபின் உனக்கு வந்த கோபம்.

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். நீ போட்ட கணக்கு அதுதான். ஆனால் வெள்ளம் உன் கணுக்காலைக்கூட நனைக்கவில்லையே!

இது உனக்கு மட்டும் உள்ள பலவீனம் என்று நினைத்துக்கொள்ளாதே. 1975இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரி மாணவிகள் சிலருக்கு மில்க் ஷேக் குடிக்கக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு எதுவும் இல்லாதவர்கள், வயிறு நிறைந்திருந்ததால் ஐஸ்கிரீமைக் குறைவாகவே சாப்பிட்டார்கள். வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். விரதம்தான் முறிந்துவிட்டதே, இனி என்ன என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. உன் பீட்சாவும் அந்த ஐஸ்கிரீமும் ஒரே சாதி.

இன்று காலை எடை ஒன்றே கால் கிலோ ஏறிவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தாய். ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். நீ என்னதான் வெறியோடு சாப்பிட்டிருந்தாலும் ஒரே இரவில் அது நடக்காது. ஏறியதில் பெரும்பகுதி தண்ணீர். உப்பு அதிகமானால் உடம்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவுச்சத்து கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போதும், கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைக் கூட்டிக்கொண்டுதான் சேரும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் வடிந்துவிடும். ஆரம்பத்தில், முதல் வாரத்திலேயே மளமளவென்று எடை குறைந்ததே, அதிலும் பாதிக்கு மேல் தண்ணீராகத்தான் இருந்திருக்கும். அப்போது மட்டும் நீ கணக்குக் கேட்கவில்லை!

இனிப்பையே அடியோடு விலக்கிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னாயே, எனக்கு அதில்தான் சந்தேகம். இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். அவர்களுக்கு மற்ற எதிலும் நாட்டம் போய்விட்டது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டு படித்தார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் சிலர் எவ்வளவு சாப்பிட்டும் திருப்தி இல்லாமல் தவித்தார்கள். உன்னுடையது அந்த அளவுப் பட்டினி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரவில் படுத்துக்கொண்டு கேக் செய்யும் வீடியோக்களைப் பார்ப்பதாகச் சொன்னாயே, அது எனக்கு நல்லதாகப் படவில்லை.

உலக சுகாதார நிறுவனமே சர்க்கரையைப் பூஜ்யமாக்கச் சொல்லவில்லை. உணவில் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றிலிருந்து வருவது, மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும், ஐந்துக்குக் கீழே என்றால் இன்னும் நல்லது என்கிறது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம், 25 கிராம் என்று வரும். அந்த இடத்தை நீ விரும்பும் ஒன்றுக்கு ஒதுக்கு. கிடைத்ததற்கெல்லாம் கொடுக்காதே. மேசையில் யாரோ திறந்து வைத்த பிஸ்கட்டுக்காக அதைச் செலவழிப்பது எனக்குச் சம்மதமில்லை.

சின்ன வயதில் நீ கிரீம் பிஸ்கட் சாப்பிடும் அழகே தனி. இரண்டாகப் பிரித்து, கிரீமை முன்பல்லால் கோடு கோடாகச் சுரண்டி, கடைசியில் ஈரமான வெறும் பிஸ்கட்டை என்னிடம் நீட்டுவாய். ஒரு பிஸ்கட்டுக்குக் கால் மணி நேரம் ஆகும். போன தடவை நான் வந்திருந்தபோது பார்த்தேன்: ஃபிரிட்ஜ் கதவைத் தோளால் தாங்கிக்கொண்டு, டப்பாவிலேயே ஸ்பூனை விட்டு, கண்ணைச் செல்போனில் வைத்தபடி சாப்பிடுகிறாய். என்ன ருசி என்று கேட்டிருந்தால் உனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஐஸ்கிரீம் சாப்பிடு, வேண்டாமென்று சொல்லவில்லை. கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டு, உட்கார்ந்து சாப்பிடு. சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடு, பசியோடு இருக்கும்போது வேண்டாம். பெரிய டப்பாவை வீட்டில் வாங்கி வைக்காமல், ஆசை வரும்போது வெளியே போய் ஒன்று வாங்கிச் சாப்பிடுவது இன்னும் நல்லது.

மற்ற வேளைச் சாப்பாட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, உனக்கே தெரியும். தட்டில் பாதி காய்கறி இருக்கட்டும், பருப்போ முட்டையோ மீனோ ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். புரதமும் நார்ச்சத்தும் குறைந்தால் சாயங்காலம் கை தானாக இனிப்பைத் தேடும். தூக்கம் கெட்டாலும் அப்படித்தான்.

இன்னொன்று. இன்று காலை சாப்பிடாமல் இருந்து ஈடுகட்டப் போவதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து வேண்டாம், அந்தப் பட்டினிதான் அடுத்த பீட்சாவுக்கு விதை. ஓடிக் கழித்துவிடலாம் என்றும் கிளம்பாதே. 400 கலோரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகமாக நடக்க வேண்டியிருக்கும். நட, உடம்புக்கு நல்லது, ஆனால் தண்டனையாக நடக்காதே. சாப்பிடத் தொடங்கினால் நிறுத்தவே முடியவில்லை, யாருக்கும் தெரியாமல் சாப்பிடுகிறேன் என்ற நிலை அடிக்கடி வந்தால் மட்டும் என்னிடம் மறைக்காதே. அதற்கு வைத்தியம் இருக்கிறது, டாக்டரிடம் போவோம்.

சனிக்கிழமை நண்பன் வீட்டில் விருந்து என்றாயே, பகலில் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுப் போ. என்ன இனிப்பு வைத்தார்கள், நன்றாக இருந்ததா என்று ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல். எடை எவ்வளவு என்று நான் கேட்கப்போவதில்லை.

அன்புடன்,
அம்மா