பைக் எங்கே நிற்கும்?

மயிலாடுதுறை
ஞாயிறு இரவு

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாடியில் குடியிருப்பவர் மூன்று மாத வாடகை பாக்கி. மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை.

டிசைனர் வரைந்தது என்று நீ வாட்ஸப்பில் அனுப்பிய தோட்ட வரைபடத்தைக் கடைத்தெருவில் கொடுத்துப் பெரிய தாளில் அச்செடுத்து வந்தேன். போனில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு மூலை தெரியும்போது இன்னொரு மூலை ஓடிவிடுகிறது. நாலு நாளாகச் சாப்பாட்டு மேஜையில் கிடக்கிறது. அம்மா அதன் மேலேயே கீரை ஆய்கிறாள். “டிசைனரை வைத்துச் செய்யட்டுமா, நாமே பார்த்துக்கொள்ளலாமா அப்பா?” என்று ஒரு வரி கேட்டிருந்தாய். பொங்கலுக்கும் வராமல், ஞாயிற்றுக்கிழமை போனும் நின்றுபோன பிறகு நீ என்னிடம் கேட்ட ஒரே கேள்வி. போனிலேயே பதில் சொல்லலாம். பாதியில் “சரிப்பா, மீட்டிங் இருக்கு” என்பாய். அதனால் கடிதம்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. 31 வருஷம் வேளாண்மைத் துறையில் குத்தாலம், செம்பனார்கோயில், சீர்காழி என்று வரப்பு வரப்பாக நடந்தவன் மகள், மூன்று சென்ட் இடத்தில் செடி வைக்க 45,000 ரூபாய் கொடுத்து ஆள் தேடுவதா? அதுவும் வரைபடத்துக்கு மட்டும். செடி, கல், மண், கூலி எல்லாம் தனி. அம்மாவிடம் கத்தினேன். “உங்களுக்கு நெல்லும் உளுந்தும் தெரியும். தோட்டம் தெரியுமா?” என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டேன். ஏன் மூடிக்கொண்டேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கோயம்புத்தூரில் உன் இடம் கரிசல். போன சித்திரையில் வந்தபோது பின்பக்கத்து வெடிப்பில் என் குடைக்கம்பி ஒரு சாண் இறங்கியது. கரிசல் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். அதன் மேல் நேராகக் கடப்பாக் கல்லைப் பதித்தால் இரண்டு மழைக்காலம் தாங்காது. ஒரு கல் எழும்பும், பக்கத்துக் கல் அமுங்கும், இருட்டில் காலை இடறும். அடியில் மண்ணை எடுத்துவிட்டுக் கிராவலும் மணலும் போட்டுக் கெட்டித்த பிறகுதான் கல். படத்தில் பாதை அழகாக வளைந்து போகிறது. கல்லுக்குக் கீழே என்ன என்று ஒரு வரி இல்லை. போதாததற்கு, வீடு கட்டியவர்கள் உடைந்த செங்கல்லையும் சிமெண்ட் கட்டியையும் பின்பக்கமே புதைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒன்றரை அடிக்கு ஒரு குழி வெட்டு. தண்ணீரை நிரப்பு. அது இறங்கியதும் மறுபடி நிரப்பு. மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால், வடிகால் வைக்காமல் எதை நட்டாலும் வேர் அழுகும். லாலி ரோட்டில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது, மண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சோதித்துச் சொல்வார்கள். மண்ணை முதலில் பார். மற்றதெல்லாம் அப்புறம்.

வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று நினைத்து டிசைனர் பெரணிச் செடியாக அடுக்கியிருக்கிறார். குளிர் நாட்டுக்கு அது சரி. நம் பக்கம் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். அந்த நாலு மாதத்தில் பெரணி கருகிவிடும். சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாகக் கோனோகார்பஸ் மரம். குஜராத்தில் 2023-இலேயே அதைத் தடை செய்தாயிற்று, அப்புறம் நம் அரசும் தடை போட்டது. மகரந்தம் மூச்சுக்கு ஆகாது, வேர் குழாயைத் தேடிப் போகும் என்பார்கள். குழந்தை நிலாவுக்கு ஏற்கெனவே மூச்சிரைப்பு. அதைப் படத்திலிருந்து அடித்துவிடச் சொல். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்குத் தடுப்பு வேண்டுமானால் நந்தியாவட்டை போதும், பூவும் கிடைக்கும்.

அப்புறம் முன்பக்கப் புல். கேட்டை ஒட்டி 600 சதுர அடிக்குக் கொரியன் புல் என்று எழுதியிருக்கிறது. கோடையில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டராவது வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 280 லிட்டர். 15 லிட்டர் வாளியில் பத்தொன்பது வாளி, தினமும். யார் ஊற்றுவது? நீ காலை எட்டரைக்குக் கிளம்புகிறவள்.

அந்த இடத்தில்தானே மாப்பிள்ளையின் புல்லட் நிற்கும்? படத்தில் காருக்குக் கட்டம் இருக்கிறது, பைக்குக்கு இல்லை. விட்டுப்போயிருக்கும். கேட்டுச் சொல்.

இவ்வளவு குற்றம் சொல்லிவிட்டு, ஆள் வேண்டாம் என்கிறேன் என்று நினைக்காதே. ஆள் வை. நீ சம்பாதித்து, உன் பெயரில் கடன் வாங்கிக் கட்டிய வீடு. நம் குடும்பத்தில் உனக்கு முன்னால் எந்தப் பெண் பெயரிலும் ஒரு பிடி மண் கிடையாது. அதைக் கடைத்தெருவில் அச்செடுத்துக் கொடுத்த பையனிடம்கூடச் சொன்னேன். நமக்குச் செடி தெரியும் கயல், இடம் தெரியாது. நாம் நர்சரிக்குப் போனால் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளி வருவோம், மூன்றாம் வருஷம் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும். வாட்டம் எந்தப் பக்கம், கூரைத் தண்ணீர் எங்கே போகும், இந்தச் செடி ஐந்து வருஷத்தில் எத்தனை அடி அகலம் ஆகும் என்றெல்லாம் யோசிப்பதற்குத்தான் அவருக்குக் காசு. ஆனால் வரைபடத்தோடு நிறுத்திக்கொள். செடி வாங்குவதையும் வேலையையும் தனியாகப் பேசு. வரைகிறவரே செடியும் விற்றால் படத்தில் செடி கூடிக்கொண்டே போகும். புதிதாகப் போட்ட தோட்டத்தைக் காட்டினால் மயங்காதே. மூன்று வருஷத்துக்கு முன்னால் போட்ட ஒன்றைக் காட்டச் சொல், அந்த வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசு. புரட்டாசியில் நடு, ஐப்பசி மழையில் வேர் பிடித்துவிடும். எதற்கும் மண்ணை முதலில் பார்.

இன்னொன்று. கெட்டிக்கார டிசைனர் முதல் நாள் செடியைப் பற்றிப் பேச மாட்டார். வீட்டில் எத்தனை பேர், காலையில் யார் வெளியே வந்து காப்பி குடிப்பார்கள், குழந்தை எங்கே விளையாடும், வண்டி எத்தனை என்று கேட்பார். உன்னிடம் கேட்டாரா? நீ என்ன சொன்னாய்? மாப்பிள்ளை படத்தைப் பார்த்தாரா? அடுத்த முறை ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, இரண்டு பேரும் வீட்டில் இருக்கும்போது அவரை வரச் சொல். வெளி ஆள் கேட்டால் வீட்டில் இருக்கிறவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிறகு சொல்கிறேன் என்றேனே. நம் கொல்லையில் நீ சைக்கிள் பழகிய சிமெண்ட் தளம் இருக்கிறதல்லவா, அங்கே ஒரு பவழமல்லி நின்றது. அம்மா கல்யாணமாகி வந்த வருஷம் திருவெண்காட்டிலிருந்து கொண்டுவந்து வைத்தது. 1995-இல் நான் ஹீரோ ஹோண்டா வாங்கினேன். தெருவில் நிறுத்த மனசு வரவில்லை. தாத்தாவுக்கு முடியவில்லை என்று அம்மா ஊருக்குப் போயிருந்த வாரத்தில் ஆளை விட்டு மரத்தை வெட்டித் தளம் போட்டு, ஷெட்டும் இறக்கிவிட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராத்திரி வந்து சேர்ந்தவள், விடியற்காலையில் பூக்கூடையை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். கூடையை அதே ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஐந்து மாதம் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் வீடு நடக்க வேண்டுமே, எட்டு வயசுப் பிள்ளையை நடுவில் நிறுத்திக்கொண்டோம். “காஸ் தீர்ந்துபோச்சுன்னு அப்பாகிட்ட சொல்லு.” “நாளைக்கு எழுதி வைக்கறேன்னு அம்மாகிட்ட சொல்லு.” நீ ஒரு எழுத்து மாற்றாமல் ஒப்பிப்பாய். என்ன ஞாபகசக்தி பாருங்கள் என்று ஆபீசில் பெருமை அடித்துக்கொண்டேன். பெருமை அடித்தேன், கயல். அவளிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கூடை அந்த ஆணியிலேயே ரொம்ப வருஷம் தொங்கியது.

போன வாரம் நிலாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். “இருங்க தாத்தா, அப்பா சொன்னதை அம்மாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்” என்று ஓடினாள். திரும்பி வர நேரமாயிற்று. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் வண்டிக்கு இடம் வேண்டி மரத்தை வெட்டினேன். நீ புல்லுக்கு இடம் வேண்டி... சரி, விடு.

வியாழக்கிழமை ஜன சதாப்தியில் வருகிறேன். மத்தியானம் இங்கே ஏறினால் ராத்திரி கோயம்புத்தூர். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம், ஆட்டோ பிடித்துக்கொள்வேன். பழைய 15 மீட்டர் டேப்பை எடுத்து வருகிறேன், கேட்டிலிருந்து படி வரை அளந்து பார்க்க வேண்டும். பைக்குக்கு எட்டு அடிக்கு நாலு அடி போதும். புல்லை அந்தப் பக்கம் கொஞ்சம் ஒதுக்கினால் இடம் இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. முடிந்தால் குழியை வெட்டி வை. இல்லாவிட்டால் நான் வெட்டிக்கொள்கிறேன். யாரிடமும் எதுவும் கேட்க மாட்டேன், பயப்படாதே.

அம்மா தேங்காய்ப்பால் முறுக்கு சுற்றுகிறாள், மாப்பிள்ளைக்குப் பிடிக்குமே. எவ்வளவு சுற்றட்டும் என்று கேட்டாள். வழக்கம்போல என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அப்பா