வண்டியை எங்கே நிறுத்தினேன்: அப்பாவுக்கு ஒரு கடிதம்

பாரிஸ்,
நவம்பர் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் மூவரும் நலம். அங்கே நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருக்க மணக்குள விநாயகரை வேண்டிக்கொள்கிறேன்.

சென்ற வியாழக்கிழமை அம்மாவிடம் தொலைபேசியில், வழியில் ஒரு விபத்தைப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் இல்லை என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதன் பிறகு அம்மா இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை என்று தம்பி சொன்னான். அரைகுறையாகச் சொன்னது என் தவறு. நடந்ததை முழுவதுமாக எழுதுகிறேன். முப்பது ஆண்டுகள் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் பேருந்து ஓட்டிய உங்களுக்கு எழுதினால், அம்மாவுக்கு எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படி நீங்கள் சொல்லிவிடுவீர்கள்.

அன்று விடியற்காலையில், லா ஷப்பேலில் உள்ள எங்கள் கடையிலிருந்து அரிசி மூட்டைகளையும் மளிகைச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு ஓர்லேயோனுக்குப் புறப்பட்டேன். செந்தார்னூ சுங்கச்சாவடியைக் கடந்தால் இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கோதுமை வயல்கள்தான். மேடு பள்ளமில்லாத சமவெளி என்பதால் காற்றும் மழையும் நேராக வந்து வண்டியின் மேல் அறையும். இந்த நெடுஞ்சாலையில் மணிக்கு 130 கிலோமீட்டர் வரை போகலாம், மழை பெய்தால் 110 தான். நான் 100க்கும் குறைவாகவே போய்க்கொண்டிருந்தேன்.

இங்கே சாலையோரத்தில், அவசரத்துக்கு மட்டும் வண்டியை நிறுத்தும் அவசரத் தடத்தைப் பிரிக்கும் வெள்ளைக் கோடு, நீளமான துண்டு துண்டாகப் போடப்பட்டிருக்கும். முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் நடுவே அப்படி இரண்டு துண்டுகள் தெரிய வேண்டும், ஒன்றுதான் தெரிகிறது என்றால் ஆபத்து என்று ஓட்டுநர் பள்ளியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு துண்டும் இடைவெளியும் சேர்ந்து சுமார் 90 மீட்டர். மணிக்கு 110 கிலோமீட்டரில் ஒரு நொடிக்கு 30 மீட்டர் ஓடிவிடுகிறோம். கண் பார்த்து, கால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே ஒரு நொடி போய்விடுகிறது. அந்த 90 மீட்டரால்தான் இன்று உங்களுக்கு இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என்னை முந்திக்கொண்டு போன ஒரு வெள்ளைக் கார், சாலையில் தேங்கி நின்ற தண்ணீரில் ஏறியதும் பிடிமானம் இழந்து வழுக்கியது. நடுத்தடுப்பில் மோதி, ஒரு சுற்றுச் சுற்றி, எனக்கு முன்னால் குறுக்கே வந்து, வலப்பக்கத் தடுப்பில் முகத்தை இடித்துக்கொண்டு நின்றது. இங்கே வண்டிகள் வலப்பக்கம் போகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கை இடப்பக்கம் வெட்ட வேண்டும் என்றுதான் கை துடித்தது. ஆனால் கண்ணாடியில் பார்த்தபோது இடத்தடத்தில் இன்னொரு கார் வேகமாக வந்துகொண்டிருந்தது. வெட்டியிருந்தால் அவனும் நானும் போயிருப்போம். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, பிரேக்கை அழுத்தி, உடனே நான்கு இண்டிகேட்டரையும் போட்டேன். நம் ஊரில் நாற்சந்தியில் நேராகப் போவதற்கெல்லாம் அந்த நான்கையும் போட்டுப் பழக்கிவிட்டார்கள். பின்னால் வருகிறவனுக்கு ஆபத்தைச் சொல்ல இருக்கும் ஒரே மொழி அது, அதை வீணாக்கவே கூடாது. என் பின்னால் வந்த லாரிக்காரர் அந்த விளக்கைப் பார்த்துத்தான் வேகத்தைக் குறைத்ததாகப் பிறகு சொன்னார்.

இன்னொன்றையும் அன்று கண்டேன். மோதிய காரையே பார்த்துக்கொண்டிருந்தால் நம் வண்டியும் அதை நோக்கியே போகிறது; கை கண்ணைத்தான் பின்தொடர்கிறது. அதனால் காரை விட்டுவிட்டு, அதற்கு இடப்பக்கம் இருந்த காலி இடத்தையே பார்த்தேன். இடத்தடத்துக் கார் கடந்து போனதும் மெதுவாக அந்த வழியே சென்று, விபத்தைத் தாண்டி நூறு அடிக்கு அப்பால் அவசரத் தடத்தில் வண்டியை ஓரம் கட்டினேன். லாரிக்காரர் விபத்து நடந்த இடத்தை எட்டுவதற்கு முன்னாலேயே, விளக்குகள் மின்ன, தன் லாரியைச் சுவர் போல நிறுத்திவிட்டார்.

மஞ்சள் ஜாக்கெட்டும் முக்கோணப் பலகையும் 2008 முதல் இங்கே எல்லாக் காரிலும் கட்டாயம். ஜாக்கெட் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். உட்கார்ந்தபடியே போட்டுக்கொண்டேன். என் பக்கத்துக் கதவைத் திறந்தால் ஓடும் வண்டிகளுக்கு நடுவே கால் வைக்க நேரும் என்பதால், கியர் தண்டைத் தாண்டி, பக்கத்து இருக்கை வழியாக இறங்கி, தடுப்பைத் தாண்டிக் குதித்து, தடுப்புக்கு அந்தப் பக்கமாகவே நடந்து வந்தேன். முக்கோணத்தை வைக்கப் போகவில்லை. நெடுஞ்சாலையில் அதை வைக்க நடந்து போகிறவனே அடிபடுவான் என்றால் வைக்க வேண்டாம் என்பதுதான் இங்கே விதி.

இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றாக ஆரஞ்சு நிற அவசரத் தொலைபேசிகள் இருந்தாலும், அருகில் ஒன்றும் தெரியாததால் கைப்பேசியிலிருந்து 112ஐ அழைத்தேன். எந்தச் சாலை, எந்தத் திசை, ஓரத்துச் சிறு பலகையில் என்ன எண், எத்தனை வண்டிகள், எத்தனை பேர், பேசுகிறார்களா, மூச்சு விடுகிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். என் பிரெஞ்சு பதற்றத்தில் உடைந்து உடைந்துதான் வந்தது. அந்தப் பெண்மணி அவசரப்படுத்தாமல், நாங்கள் சொல்லும்வரை தொடர்பைத் துண்டிக்காதீர்கள் என்றார்.

காரில் நம் ஆயா வயதுள்ள ஒரு மூதாட்டி தனியாக இருந்தார். சீட் பெல்ட் போட்டிருந்தார். முன்கண்ணாடி முழுவதும் விரிசல், அந்த விரிசலின் மேலேயே வைப்பர் கரகரவென்று போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. அவர் இரு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரி காவலாக நின்றதாலும், காரின் வலப்பக்க ஜன்னல் உடைந்து தடுப்பை ஒட்டியிருந்ததாலும், தடுப்புக்கு இப்பால் நின்றே அவரிடம் பேச முடிந்தது. சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்துங்கள், கழுத்தைத் திருப்பாதீர்கள், ஆம்புலன்ஸ் வருகிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வெளியே இழுக்கவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. தீயும் புகையும் இல்லாதபோது அடிபட்டவரை அசைத்தால், முதுகெலும்பில் காயம் இருந்தால் அது பெரிதாகிவிடும். இங்கே ஓட்டுநர் உரிமத் தேர்விலேயே முதலுதவி பற்றி ஒரு கேள்வி உண்டு. இடத்தைப் பாதுகாப்பாக்கு, தகவல் சொல், பிறகு உதவு என்ற வரிசையை அங்கே மனப்பாடமாகச் சொன்னவன், அன்றுதான் அதைச் செய்தேன்.

தீயணைப்பு வீரர்கள்தான் இங்கே மீட்புக்கும் வருகிறார்கள். அவர்கள் கழுத்துப் பட்டை போட்டு அவரை எடுத்துச் சென்றபோது, அந்த அம்மா என் விரல்களைப் பிடித்து எதையோ சொன்னார். மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அடுத்த ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தியபோதுதான் கை நடுங்கத் தொடங்கியது. நடுக்கம் நிற்கும்வரை அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டுத்தான் மறுபடி வண்டியை எடுத்தேன்.

அப்பா, அந்த அரை மணி நேரமும் உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தானே புயல் அடித்த ஆண்டில், கடலூர் சாலையில் அடிபட்டுக் கிடந்த இளைஞரைப் பயணிகளோடு பேருந்திலேயே ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனீர்கள். அவர் பிழைத்தார். ஆனால் நீங்கள்தான் இடித்தீர்களோ என்ற சந்தேகத்தில் உங்களை ஒரு காவல் நிலையத்தில் இரவு வரை உட்கார வைத்தார்கள், அதற்குப் பிறகு எத்தனையோ முறை வரச் சொன்னார்கள், சம்பளமும் போனது. இனி எவன் கிடந்தாலும் நிறுத்த மாட்டேன் என்று நீங்கள் சாப்பாட்டுத் தட்டின் முன் சொன்னதை நான் மறக்கவில்லை. அதைச் சொல்லும்போது உங்கள் முகம் இருந்த விதத்தையும் மறக்கவில்லை.

இந்த நாட்டில் ஆபத்தில் இருப்பவருக்கு, தனக்கு ஆபத்தில்லாமல் உதவ முடிந்தும் உதவாமல் போனால் ஐந்து ஆண்டுச் சிறையும் 75,000 யூரோ அபராதமும் வரை விதிக்கலாம். நம் நாட்டில் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, ஆனால் உதவியவரைக் காக்கும் சட்டம் இப்போது இருக்கிறது. 2016ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற நெறிமுறைகளும், 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134-ஏ பிரிவும் உங்களைப் போன்றவர்களுக்காகவே வந்தவை. மருத்துவமனையில் சேர்த்தவரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது, சாட்சியாக இருக்கச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. கடலூர்ப் பக்கம் என்றால், தமிழ்நாடு அரசு 2021ல் தொடங்கிய திட்டப்படி விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கமாட்டார்கள், அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும். உங்களுக்கு நடந்தது அநியாயம். அதற்காக நீங்கள் செய்தது தவறாகிவிடாது.

தம்பி இப்போது தினமும் காரில் கடலூர் சிப்காட் வரை போய் வருகிறான். நான்கு வழிச்சாலை வந்த பிறகு அவனுடைய வேகம் கூடியிருக்கிறது என்று அம்மா சொல்கிறார். நான் சொன்னால் கேட்கமாட்டான், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பழக்குங்கள். முன்னால் போகும் வண்டி ஒரு மரத்தையோ கம்பத்தையோ கடந்ததும், ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடிப்பதற்குள் அவன் அந்த மரத்தை அடைந்துவிட்டால் நெருங்கிப் போகிறான் என்று பொருள். மழையில் நான்கு வரை எண்ணட்டும். நடுவில் எவனாவது நுழைந்தால் கோபப்படாமல் இன்னும் கொஞ்சம் பின்தங்கட்டும். விபத்தைக் கண்டால் வேடிக்கை பார்க்க வேகத்தைக் குறைக்காமல், தாண்டிப் போய் ஓரம் கட்டி, இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, சாலையை விட்டு நன்றாக விலகி நின்று 108ஐ அழைக்கட்டும். அங்கே பல இடங்களில் தடுப்பு இல்லை என்பதால் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது.

மாசி மகத்துக்கு என் கடை நண்பர் ஊருக்கு வருகிறார். அவரிடம் இரண்டு மஞ்சள் ஜாக்கெட்டும் ஒரு முக்கோணமும் கொடுத்தனுப்புகிறேன். ஜாக்கெட்டை டிக்கியில் போட்டுவிட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். ஒன்றை ஓட்டுநர் கதவுப் பையிலும், மற்றொன்றை நீங்கள் உட்காரும் இருக்கைக்கு முன்னாலும் வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த மகன்