படகுத்துறைக்கு எர்த்தோடு கரண்ட் கொடுங்கள்: துறைமுக அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு, வணக்கம்.

போன வாரம் நம் படகுத்துறையில் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் பிடித்த தம்பிக்கு ஷாக் அடித்தது உங்களுக்குத் தெரியும். உயிர் பிழைத்தது அவன் அம்மா செய்த புண்ணியம். மறுநாளே லைனை வெட்டி, அனுமதியில்லாமல் மின்சாரம் எடுக்கக் கூடாது என்று போர்டு மாட்டிவிட்டீர்கள். சரி, போர்டு மாட்டியாச்சு, மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிகிறது, அதற்குள் வெல்டிங், பலகை வேலை எல்லாம் முடித்து படகை இறக்கணும், கரண்டுக்கு நாங்கள் எங்கே போவது?

அந்த ஒயர் கிடந்த கிடப்பை நீங்கள் ஒருநாள் வந்து பார்த்திருக்கலாம். ஐஸ் கொட்டகையிலிருந்து இரண்டு கோர் ஒயர், வழியெல்லாம் ஜாயின்ட், ஜாயின்ட் மேல் டேப், டேப் மேல் பிளாஸ்டிக் கவர். மீன் கழுவின தண்ணீர் தேங்கி நிற்கும் தரையில்தான் அது போகும். படகு அசைய அசைய துறைச் சுவரின் விளிம்பில் உரசி உள்ளே செம்பு தெரிந்தது. கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் ஒயர் என்ற பேச்சே இல்லை. அதனால் கிரைண்டரில் கசிந்த கரண்டுக்கு, ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்ற அந்தப் பையன் உடம்புதான் வழி.

லோடு கூடினால் தானாக விழும் சுவிட்ச், எம்சிபி, இருக்கிறதே என்று பதில் சொன்னீர்கள். ஐயா, 16 ஆம்பியர் எம்சிபி ஒயர் எரியாமல் காக்கும், ஆளைக் காக்காது. ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு நெஞ்சு வழியாகப் போனாலே ஆள் காலி. 30 மில்லி ஆம்பியர் கசிந்ததும் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கிற ஆர்சிசிபி என்ற சுவிட்ச்தான் ஆளைக் காக்கும். நாங்கள் கேட்பது அதைத்தான்: படகு கட்டும் இடத்தில், தண்ணீர் ஏறாத உயரத்தில், மூடி போட்ட மூன்று பின் இண்டஸ்ட்ரியல் சாக்கெட், ஒவ்வொன்றுக்கும் தனி ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த். மாட்டினால் மட்டும் போதாது, அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதாமாதம் அமுக்கிப் பார்க்கவும் ஒரு ஆள் வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுவெள்ளம் வந்து முகத்துவாரத்தில் உப்பு குறைந்துவிடும். அப்போது தண்ணீரில் கரண்ட் கசிந்தால் இன்னும் ஆபத்து. கடல்நீரில் அது பெரும்பாலும் தண்ணீர் வழியாகவே போய்விடும், நன்னீரில் விழுந்தவனின் உடம்புதான் அதற்குச் சுலபமான பாதை. மழைக்கு முன்னால் வேண்டும் என்று அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

டெல்டா என்றாலே எல்லோருக்கும் வயலும் மேட்டூர்த் தண்ணீரும்தான் ஞாபகம் வருகிறது. வரட்டும், அதுவும் எங்கள் சோறுதான். ஆனால் அந்த ஆறுகள் கடலில் சேரும் இடத்திலும் ஆட்கள் பிழைக்கிறோம், எங்கள் மனு மட்டும் ஏன் மேஜை மேஜையாக அலைகிறது? ஏலக்கூடத்துக்குப் பெயின்ட் அடிக்கப் பணம் இருக்கிறது, எர்த் குழி தோண்ட இல்லையா?

கோபம் வருகிறது, ஆனாலும் பணிவாகவே கேட்கிறேன். இந்த வாரம் ஒரு எலக்ட்ரிக்கல் இன்ஜினியரை அனுப்புங்கள். எந்தப் படகு எங்கே கட்டும், எந்த மிஷின் எவ்வளவு இழுக்கும் என்று கூடவே நடந்து காட்டுகிறோம். மீட்டர் வையுங்கள், யூனிட்டுக்கு உண்டான காசைக் கட்டுகிறோம். எர்த்தும் ஆர்சிசிபியும் இல்லாத லைன் மட்டும் மறுபடி வேண்டாம்.

இப்படிக்கு,
விசைப்படகு உரிமையாளர் ஒருவர்