பெடலுக்குக் கீழ கெடந்த கருப்புத் துண்டு

மச்சான்,

எப்படி இருக்க? இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான், ஸ்டான்லி ஆஸ்பத்திரில காட்டிக்கினு இருக்கோம். உன் தங்கச்சி உன்ன கேட்டதா சொன்னா. போன்ல சொல்லிருக்கலாம், ஆனா நீ போன எடுத்ததும் "மச்சான் மீட்டிங்ல இருக்கேன்"னு வெச்சிடுவ, இது அப்படி சொல்லி முடிக்கிற மேட்டர் இல்ல. அதனால ஒழுங்கா உக்காந்து முழுசா படி. நடுவுல தாண்டி தாண்டி படிச்சேன்னு தெரிஞ்சா நெட்டையன்கிட்ட மெரினா கதைய சொல்லிடுவேன், அப்புறம் உன் இஷ்டம்.

நம்ம காரு வெள்ளச்சி பொழைச்சிக்கினா!

போன தடவ பேசினப்ப இவள குடுத்துடலாம்னு இருக்கேன்னு சொன்னேன்ல. பழைய இரும்புக்கு எடுக்குற ஆளு வந்து சுத்தி சுத்தி பார்த்துட்டு ஒரு ரேட்டும் சொல்லிட்டு போனாரு. அந்தப் பேச்சே இனிமே கெடையாது. 2004 மாடல், போன வருஷம்தான் எஃப்சி பார்த்து ஆர்சி புதுப்பிச்சிருக்கு, 2029 வரைக்கும் ரோட்டுல ஓடலாம். இன்ஜின் சத்தம் இன்னிக்கும் நீ கேட்டா கண்ணு கலங்கும். இப்படி ஒரு வண்டிய ஒரு பொத்தான் சைஸ் பிளாஸ்டிக்குக்காக எடைக்கு போட இருந்தோம்னு நெனச்சாலே வயிறு எரியுது மச்சான்.

வரிசையா சொல்றேன். சித்திரை வெயில்லருந்தே காலைல செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. தெனமும் இல்ல, அதுதான் பேஜாரே. கொஞ்ச நாள் ஒழுங்கா இருப்பா, திடீர்னு ஒரு நாள் சாவிய திருப்பினா டிக் டிக்னு சத்தம், டேஷ்போர்டு லைட்டெல்லாம் மங்கும், அவ்ளோதான். நம்ம தெருவுல தள்ளி ஸ்டார்ட் பண்ண எடம் ஏது சொல்லு, இந்தப் பக்கம் மீன்பாடி வண்டி, அந்தப் பக்கம் தண்ணி லாரிக்கு வரிசையா வெச்ச கொடம். நம்ம கோல்கீப்பரையும் பசங்களையும் எழுப்பி கூட்டியாந்து தள்ளி, கல்மண்டபம் பக்கம் போறதுக்குள்ள எனக்கு ஆபீஸ் டைமே முடிஞ்சிடும்.

மொதல்ல பேட்டரி பழசுன்னாங்க. சரி, 35 ஆம்பியர்-ஹவர்ல புதுசு வாங்கி போட்டாச்சு. அதுவும் படுத்துச்சு. பேட்டரி கடைக்காரர் லோடு டெஸ்ட் போட்டு பார்த்துட்டு பேட்டரி மேல குத்தமில்ல, டைனமோ சார்ஜ் ஏத்தலைன்னாரு. டைனமோ பார்க்குறவர்கிட்ட போனா, வண்டி ஓடும்போது 14 வோல்ட் ஜம்முனு நிக்குது, ஒயரிங்ல பாருங்கன்னாரு. அப்புறம் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப், பேரு வேணாம். ஏசி ரூம்ல உக்கார வெச்சு ஜில்லுனு மோர் குடுத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, மிக்ஜாம் புயல்ல வண்டிக்குள்ள தண்ணி போச்சா சார்னு. 2023 டிசம்பர்ல நம்ம பக்கம் எந்த வண்டிக்குள்ள மச்சான் தண்ணி போகல? எண்ணூர்ல எண்ணெயோட சேர்ந்து வந்துச்சு, நம்ம தெருவுல சாக்கடையோட வந்துச்சு, சீட்டு அடி வரைக்கும் நின்னுச்சு. ஆமான்னேன். அதான் சார், உள்ள ஒயரெல்லாம் அரிச்சிருக்கும், போதாக்குறைக்கு கடல் உப்புக் காத்து வேற, ஹார்னஸ்னு சொல்ற மொத்த ஒயர் கட்டையும் மாத்திடலாம்னு எஸ்டிமேட் எழுதி குடுத்தாங்க. வண்டிய வித்தாக்கூட அந்தக் காசு வராது.

எனக்கு கோவம் எதுலன்னா, இத்தினி பேர் பார்த்தாங்களே, வண்டி ராத்திரி சும்மா நிக்கும்போது கரண்ட் எங்க போகுதுன்னு ஒருத்தராவது மீட்டர் வெச்சு பார்த்தாங்களா? இது போயிருக்கும் அது போயிருக்கும்னுதான் சொல்றாங்க. "இருக்கும்"னு சொல்லியே ஒரு ஆளு பாக்கெட்ட காலி பண்றாங்க மச்சான்.

இதுக்கு நடுவுல ஒரு நாள் உன் தங்கச்சி வண்டிய கூட்டும்போது டிரைவர் பக்கத்து கால்மிதி மேட்டுல ஒரு துண்டு கெடந்துச்சு. கருப்பு பிளாஸ்டிக், சட்டை பட்டன விட கொஞ்சம் பெருசு, பாதி வட்டமா உடைஞ்சிருந்துச்சு. ஒரு பக்கம் மொழுமொழுன்னு தேஞ்சு பளபளன்னு இருக்கு, இன்னொரு பக்கம் நடுவுல குட்டியா ஒரு காம்பு, அதுவும் முறிஞ்சது. நகத்தால அழுத்தினா வர்க்கி மாதிரி உதுந்துச்சு. அவ அத குப்பையில போடாம தீப்பெட்டியில போட்டு வெச்சா பாரு, அவளுக்கு கோயில் கட்டலாம். தெருவுல ஒரு ஆள் விடாம காட்டினோம். நெட்டையன் சீட் ரெயில் கிளிப்புன்னான். கோல்கீப்பர் ஏசி வென்ட் உள்ள இருக்குற துண்டுன்னான். ஸ்டீரிங்குக்கு கீழ மூடி இருக்கே அதோட லாக்குன்னு இன்னொருத்தன். எல்லாத்தையும் தொட்டு தடவி பார்த்தாச்சு, எதுவும் உடையல, எங்கயும் பொருந்தல. சரி எங்கயோ இருந்து விழுந்துருக்குன்னு தீப்பெட்டி சாமி ரூம் ஷெல்ஃபுக்கு போயிடுச்சு.

அப்புறம் ஆடி வந்துச்சா. அம்மன் கோயிலுக்கு தெரு முழுக்க சீரியல் செட் கட்டிட்டாங்க, சிவப்பும் பச்சையும் மாத்தி மாத்தி எரியுது. ராத்திரி தூக்கம் வராம திண்ணையில உக்காந்துருந்த அம்மா, காலைல காபி குடிச்சுக்கினே சொல்றாங்க: "கோயில் லைட்ட பன்னெண்டு மணிக்கு நிறுத்திட்டாங்கடா, நம்ம சுவத்துல மட்டும் சிவப்பு போவவே இல்ல." வண்டிய ரிவர்ஸ்ல ஏத்தி பின்பக்கம் சுவத்த பார்த்த மாதிரிதான நிறுத்துவோம். எனக்கு அப்பதான் சுருக்குன்னுச்சு. அன்னிக்கே மூலக்கொத்தளம் பாய் அண்ணன கூப்பிட்டேன்.

பாய் அண்ணன உனக்கு தெரியும், உன் ஸ்கூட்டர நட்டு விடாம அவுத்துப் போட்டுட்டு "சாப்ட்டு வரேன்"னு போனாரே அவரேதான். இப்ப வேலைய பாதியா கொறைச்சிக்கினாரு, கண்ணு ஆபரேஷன் வேற பண்ணியிருக்காரு. அந்தக் காலத்துல எண்ணூர் லேலண்ட் லாரிங்களோட எலக்ட்ரிக்கல் பார்த்த கை அது. வந்தாரு, எடுத்ததும் பானெட்ட தொறக்கல, வண்டியையும் ஸ்டார்ட் பண்ண சொல்லல. பையில இருந்து மஞ்ச கலர் மீட்டர எடுத்தாரு. "நான் சொல்றதுக்கு முன்னாடி வண்டியே சொல்லட்டும்"னாரு.

அவர் பண்ணத அப்படியே எழுதுறேன், பத்திரமா வெச்சிக்கோ. சாவிய எடுத்துட்டு எல்லாக் கதவையும் மூடணும், இல்லன்னா உள்ள எரியுற ரூஃப் லைட்டும் கணக்குல சேர்ந்துடும். பானெட்ட தொறந்து பேட்டரியோட நெகட்டிவ் ஒயர கழட்டி, அந்த ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவுல மீட்டர போடணும், 10 ஆம்பியர் ஓட்டையில. அந்த நேரத்துல யாரும் சாவி போட்டு செல்ஃப் அடிச்சிடக் கூடாது, மீட்டர் ஃபியூஸ் போயிடும். நல்ல வண்டின்னா தூங்கும்போது 50 மில்லிஆம்பியர்கூட தாண்டாது, கடிகாரமும் ரேடியோ மெமரியும் குடிக்கிறது அவ்ளோதான். வெள்ளச்சி குடிச்சது மூணரை ஆம்பியர்! மீட்டர்ல அந்த நம்பர பார்த்ததும் பாய் அண்ணன் மூஞ்சில ஒரு வெளிச்சம் வந்துச்சு பாரு. 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரிய மூணரையால வகுத்துக்கோ, பத்து மணி நேரம். ராத்திரி ஒம்போதுக்கு நிறுத்தினா காலைல ஏழுக்கு கதை முடிஞ்சிது. இத்தினி மாசம் நடந்தது எல்லாம் அந்த ஒரு கணக்குக்குள்ள அடங்கிடுச்சு.

அப்புறம் ஃபியூஸ ஒண்ணு ஒண்ணா புடுங்கி மாட்டிக்கினே வந்தாரு. ரேடியோ, அசையல. ரூஃப் லைட், அசையல. "ஸ்டாப்"னு எழுதியிருந்தத புடுங்கினாரு, மூணரை அப்படியே விழுந்து ஒண்ணுமே இல்லாம போயிடுச்சு. அந்த லைன்ல இருக்குறது ஹாரனும் பிரேக் லைட்டும். ஹாரன் கத்தலையே, அப்போ மிச்சம் இன்னா? ஃபியூஸ திரும்ப மாட்டிட்டு பின்னாடி போய் சுவத்துக்கும் டிக்கிக்கும் நடுவுல தலைய விட்டு பார்த்தா, ரெண்டு பல்பும் எரிஞ்சுக்கினு நிக்குது. ஒரு பல்பு 21 வாட்ஸ், ரெண்டுக்கும் 42, பன்னெண்டால வகுத்தா அதே மூணரை. சாவி எடுத்தாலும் பிரேக் லைட்டுக்கு கரண்ட் வரும், நிக்கிற வண்டியிலயும் மிதிச்சா எரியணும்னு அப்படித்தான் வெச்சிருக்கான்.

யாரும் மிதிக்காம ஏன் எரியுது? இங்கதான் மச்சான் தீப்பெட்டி வருது. பாய் அண்ணன் ஸ்டீரிங்குக்கு கீழ மல்லாக்க படுத்து டார்ச் அடிச்சாரு. பிரேக் பெடலுக்கு மேல ஒரு ஸ்விட்ச், அதுக்கு ஒரு குட்டி குச்சி முன்னாடி நீட்டிக்கினு இருக்கும். கால எடுத்ததும் பெடல் மேல வந்து அந்தக் குச்சிய அமுக்கும், லைட் அணையும். மிதிச்சா பெடல் விலகும், குச்சி வெளிய வரும், லைட் எரியும். ஆனா பெடல் இரும்புல குச்சி படுற எடத்துல ஒரு ஓட்டை, அந்த ஓட்டைய அடைக்கத்தான் பிளாஸ்டிக்ல ஒரு பட்டன். அந்த பட்டன காணோம். குச்சி நேரா ஓட்டைக்குள்ள பூந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்க்குது, அமுங்கவே இல்ல. "இங்க ஒரு பட்டன் இருக்கணுமே, உடைஞ்சு விழுந்துருக்கும், பார்த்தீங்களா"ன்னு படுத்துக்கினே கேக்குறாரு. உன் தங்கச்சி உள்ள ஓடிப் போய் தீப்பெட்டிய எடுத்தாந்தா. முறிஞ்ச காம்ப ஓட்டையில வெச்சாரு, அப்படியே உக்காந்துச்சு. எனக்கு புல்லரிச்சிடுச்சு மச்சான், நெசமா.

அப்போ ஏன் செல நாள் மட்டும் படுத்துச்சுன்னு நீ கேப்ப. நானும் கேட்டேன். முழுசா ஒரே நாள்ல உடையலையாம். மிச்சப் பாதி ஓட்டையில ஒட்டிக்கினு இருந்துருக்கு, பெடல் மேல வரும்போது செல தடவ குச்சி அதுமேல படும், செல தடவ வழுக்கி ஓட்டைக்குள்ள போயிடும். குச்சி எங்க படுதோ அதுதான் மறுநாள் காலைல என் தலையெழுத்து. ஆடியில அந்தப் பாதியும் போயிடுச்சு. இருவது வருஷம் மூடின வண்டிக்குள்ள மெட்ராஸ் வெயில்ல வெந்தா எந்த பிளாஸ்டிக்கும் உதுரத்தான் செய்யும். ஜப்பான், கொரியா வண்டிங்கள்ல நெறைய மாடல்ல இதே கதைதானாம், அவரே பல வண்டிக்கு மாத்தியிருக்காரு.

அன்னிக்கு ராத்திரிக்கு ஒரு சின்ன போல்ட்டும் வாஷரும் போட்டு ஓட்டைய அடைச்சாரு, போல்ட் தலை கொஞ்சம் தடிப்பா இருந்ததால ஸ்விட்ச்ச ரெண்டு மரை பின்னால திருகி, பெடல் முழுசா மேல வருதான்னு கையால ஆட்டி ஆட்டி பார்த்தாரு. அது முழுசா வரலன்னா பிரேக் லேசா புடிச்சுக்கினே ஓடுமாம். மறுநாள் ஜி.பி. ரோட்டுல பட்டன் கெடச்சிது, அம்பது ரூபாய்கூட ஆகல. கிளட்ச் பெடல்லயும் அதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு, அதுலயும் விரிசல், ரெண்டையும் மாத்தியாச்சு. மோர் குடுத்தவங்க எஸ்டிமேட்ட பத்திரமா வெச்சிருக்கேன், நீ வந்தா காட்டுறேன், கையில புடிச்சா காகிதமே சுடும்.

பாய் அண்ணன் கூலின்னு கேட்டது வெறும் ஆட்டோ காசு. நான்தான் சட்டைப் பையில திணிச்சேன். புல்லட்டும் லாரியும் செஞ்ச ஊருடா இது, தெருவுக்கு ஒரு ஆள் இப்படி இருந்தாங்க, சத்தத்த கேட்டே இன்னா கோளாறுன்னு சொல்றவங்க. இப்ப பாய் அண்ணன் பையன் மொபைல் கடையில இருக்கான், மீட்டர தொட மாட்டேங்குறான்னு அவருக்கு வருத்தம். அத சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

இப்ப நெஜமா எதுக்கு எழுதுறேன்னா, சிரிக்காம படி. பேட்டரி போனா போவுது. ஆனா இந்த ரெண்டு லைட்டும் நாள் முழுக்க எரிஞ்சுக்கினே நான் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல போயிருக்கேன் மச்சான். துறைமுகம் ஜீரோ கேட்டுக்கு போற கண்டெய்னர் லாரிங்க பின்னாடி முன்னாடி எல்லாப் பக்கமும். பின்னாடி வர்ற டிரைவருக்கு நான் பிரேக் அடிக்கிறேனா இல்லையான்னு எப்படி தெரியும்? எப்பவும் சிவப்பா இருக்குற லைட்ட கொஞ்ச நேரத்துக்கு மேல எவனும் நம்ப மாட்டான். நான் நெசமாவே திடீர்னு அமுக்கினா அவனுக்கு புதுசா ஒண்ணும் தெரியாது. டோல்கேட்கிட்ட அம்மாவ பின் சீட்டுல வெச்சுக்கினு ஒரு ட்ரெய்லர் ஒட்டி நின்னப்ப பட்ட பதட்டம், இப்பதான் எதனாலன்னு புரியுது. அத நெனச்சா இன்னும் தூக்கம் வரல.

உன் வண்டியும் அதே மாடல், அதே வருஷம், நாம ஒண்ணா போய் எடுத்தது. அதுல இப்ப மருமவன் ஓட்டக் கத்துக்குறான்னு நீயே சொன்ன, அதுவும் ஓசூர் ஹைவேல. அவன் புதுசு, பின்னாடி வர்றவன் பொறுமையா இருக்க மாட்டான். அதனால இத படிச்சு முடிச்சதும் டார்ச் எடுத்துக்கினு கீழ போ. மேட்ட தூக்கி கருப்புத் தூள் இருக்கான்னு பாரு. பெடல கையால அமுக்கி அந்த பட்டன் முழுசா இருக்கான்னு பாரு, நகத்தால லேசா கீறு, உதுந்தா அன்னிக்கே மாத்து. உன் வீட்டுக்காரிய பின்னாடி நிக்க வெச்சு லைட் எரியுதா, அணையுதான்னு ரெண்டையும் கேளு. ஏன்னா எஃப்சில எரியுதான்னு பார்ப்பாங்க, அணையுதான்னு பார்க்க எத்தினி பேருக்கு தோணும்? பட்டன் ரெண்டு ஜோடி கூடவே வாங்கி வெச்சிருக்கேன், கொரியர்ல போடுறேன், அட்ரஸ்ல அந்தப் புது ஃப்ளாட் நம்பர அனுப்பு.

மத்தபடி கோல்கீப்பருக்கு ரெண்டாவதும் பொண்ணு, பார்ட்டி கேட்டா ஓடுறான். பாய் அண்ணன் உன்ன விசாரிச்சாரு, ஸ்கூட்டர் இன்னும் இருக்கான்னு கேட்டாரு, நான் ஒண்ணும் சொல்லல. பெடலுக்கு கீழ போட்டோ எடுத்து இன்னிக்கு ராத்திரிக்குள்ள அனுப்பு, வரலன்னா நானே கூப்பிடுவேன், மீட்டிங்னு சொன்னாலும் விட மாட்டேன்.

உன் மச்சான்