பெயர்ச்சீட்டைத் தொலைக்காதீர்கள்: புரோமிலியாட் விற்போருக்கும் வளர்ப்போருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள நர்சரி உரிமையாளர்களே, கன்று பிரித்து ஊர் ஊராக அனுப்பும் நண்பர்களே, வளர்ப்போர் குழுக்களை நடத்துகிறவர்களே,

வணக்கம்.

"பேரை மாத்திக்கிட்டேதான் இருக்காங்க, நாங்க எதைன்னு எழுதுறது?" என்று, அன்னாசிக் குடும்பத்துச் செடிகளான புரோமிலியாட்களைப் பற்றிப் பேசும்போது உங்களில் பலர் என்னிடம் அலுத்துக்கொண்டதுண்டு. அந்த அலுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதையே சாக்காக வைத்துப் பெயர் எழுதுவதையே விட்டுவிடுகிறோம். விலைப்பட்டியலில் 'ரெட் புரோமிலியாட்', 'ஸ்பாட்டட் மிக்ஸ்' என்று வருகிறது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், கேட்க நன்றாக இருக்கிறதென்று தாங்களாகவே ஒரு பெயரைச் சூட்டி அனுப்புகிறார்கள். இது சரியில்லை. ஒரு செடிக்குத் தாவரவியலாளர்கள் வைக்கும் பெயர் ஒன்று. அதை அவர்கள் மாற்றத்தான் செய்வார்கள். ரகத்தின் பெயர் வேறு. அதை மாற்ற உங்களுக்கும் உரிமை கிடையாது, எனக்கும் கிடையாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதில்தான் தொல்லை எல்லாம் தொடங்குகிறது.

அவர்கள் ஏன் மாற்றுகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புரோமிலியாட் குடும்பத்தில் 3,500-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில் வளரும் ஒரே ஒரு பிட்கெய்ர்னியாவைத் தவிர, அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. இவற்றை ஒழுங்குபடுத்துவதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் லைமன் ஸ்மித். அவரும் ராபர்ட் டவுன்ஸும் சேர்ந்து 1974, 1977, 1979 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெரிய பாகங்களாக வெளியிட்ட நூலைத்தான் உலகமே வெகுகாலம் பின்பற்றியது. நெருங்கிய சொந்தமுள்ள இனங்களைச் சேர்த்துச் சொல்லும் கூட்டத்துக்குப் பேரினம் என்று பெயர். ஒரு செடி டிலான்ட்சியா பேரினமா, வ்ரீசியா பேரினமா என்று முடிவு செய்ய அதில் ஒரு முக்கிய அடையாளம் உண்டு. பூவிதழின் உட்பக்கம், அடிப்பாகத்தில் சின்னஞ்சிறு செதில்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால் வ்ரீசியா, இல்லாவிட்டால் டிலான்ட்சியா. இந்தப் பூக்களோ சீக்கிரம் வாடிச் சுருண்டுவிடுகிறவை. அழுத்திக் காயவைத்த மாதிரியில் அந்தச் செதிலைத் தேடி எடுப்பது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு மரபணு ஒப்பீடு வந்தது. அந்தச் செதில்கள் ஒரே ஒரு மூதாதையிடமிருந்து வந்தவை அல்ல, குடும்பத்தின் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியும் மறைந்தும் இருக்கின்றன என்று தெரிந்தது. அப்படியானால் செதிலை மட்டும் வைத்துச் சேர்த்த கூட்டம் ஒரே சொந்தம் இல்லை. 2016-இல் வியன்னாவின் மைக்கேல் பார்ஃபுஸும் உடன் ஆய்வாளர்களும் டிலான்ட்சியா துணைக்குடும்பம் முழுவதையும் திருத்தி வகைப்படுத்தினார்கள். நீங்கள் 'ஃபிளேமிங் சோர்ட்' என்று விற்பீர்களே, இலையில் கருங்கோடு குறுக்கே ஓட, நடுவிலிருந்து தட்டையான சிவப்புப் பூந்தண்டு நீண்டு வருமே, அந்த வ்ரீசியா ஸ்ப்ளென்டென்ஸ் அப்போதுதான் லூதேரியா ஸ்ப்ளென்டென்ஸ் ஆனது. அமெரிக்காவின் சரசோட்டா நகரில் மேரி செல்பி தாவரவியல் பூங்காவில் இருந்துகொண்டு, உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வந்த பெயர் தெரியாத புரோமிலியாட்களை அடையாளம் கண்டு சொன்னவர் ஹாரி லூதர். அவர் நினைவாக வந்த பேரினப் பெயர் அது. இளஞ்சிவப்பு விசிறிபோல விரிந்து, ஊதா நிறத்தில் ஒவ்வொன்றாகப் பூக்கும் டிலான்ட்சியா சயானியாவும் அதே திருத்தத்தில் வாலிசியாவுக்குப் போனது. அடுத்த ஆண்டே, 2017-இல், 'எர்த் ஸ்டார்' என்று நாம் சொல்லும் கிரிப்டான்தஸ் கூட்டமும் பிரிந்தது. இவை யாரும் பொழுதுபோகாமல் செய்த வேலைகள் அல்ல. இதை நான் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் தாவரவியலாளர்களை ஏளனமாகப் பேசுவது நம்மிடையே பழக்கமாகிவருகிறது. எது எதற்குச் சொந்தம் என்று சரியாகத் தெரிந்தால்தான் எந்தச் செடி எங்கே அழிந்துகொண்டிருக்கிறது என்று கணக்குப் பார்க்க முடியும்.

சரி, பேரினம் மாறினால் ரகத்துக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

அன்னாசியும் புரோமிலியாட்தான். 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்கு புரோமிலியா அனனாஸ் என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டே, இந்தோனேசியாவின் அம்பன் தீவுச் செடிகளைப் பற்றிய நூலை ஆதாரமாகக் கொண்டு, புரோமிலியா கோமோசா என்றொரு பெயரும் வந்தது. 1917-இல் மெரில் என்ற தாவரவியலாளர் அதை அனனாஸ் கோமோசஸ் ஆக்கினார். ஸ்மித் காலத்தில் அனனாஸ் பேரினத்தில் பல இனங்கள் தனித்தனியே நின்றன. 2003-இல் கோப்பன்ஸ் டெக்கன்ப்ரூக், லேயால் இருவரும் அவற்றை இரண்டே இனங்களாகச் சுருக்கினார்கள். நாம் அழகுக்காக வளர்க்கும் சிவப்பு அன்னாசி, அதுவரை அனனாஸ் பிராக்டியேட்டஸ் என்று தனி இனமாக இருந்தது, அனனாஸ் கோமோசஸுக்குள் ஒரு வகையாக அடங்கிப்போனது.

இவ்வளவு நடந்தும் எர்ணாகுளம் மாவட்டத்து வாழக்குளத்தில் கன்று வாங்கப் போகும் விவசாயி என்ன கேட்கிறார்? "மொரீஷியஸ் இருக்கா?" என்றுதான். இலை ஓரம் முழுக்க முள், நடுத்தரப் பழம், உள்ளே நல்ல மஞ்சள்: அது மொரீஷியஸ். இலை ஓரம் வழவழவென்று, நுனியில் மட்டும் கொஞ்சம் முள், பழம் பெரியது, சாறு அதிகம்: அது கியூ. உலகம் ஸ்மூத் கயேன் என்று சொல்லும் ரகத்தைத்தான் நம் நாட்டில் கியூ என்கிறோம். மொரீஷியஸ் என்று சொல்லி ஒரு லோடு கியூ கன்றை இறக்கிப் பாருங்கள், அந்த வியாபாரிக்கு ஊருக்குள் அப்புறம் பேச்சுண்டா? வாழக்குளம் அன்னாசிக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்ததென்றால், இந்த ரகம் இதுதான் என்று எல்லோரும் ஒரே சொல்லில் நின்றதும் அதற்கு ஒரு காரணம். தோட்டத்து விவசாயி விடாமல் காக்கிற இந்த ஒழுங்கை, ஒரு தொட்டி ஆயிரக்கணக்கில் விலைபோகும் அலங்காரச் செடிக்கு நாம் ஏன் கடைப்பிடிப்பதில்லை?

பயிரிடும் செடிகளின் பெயர்களுக்கென்று தனி விதித்தொகுப்பே இருக்கிறது. 1953-இல் முதன்முதலாக வந்தது, இப்போது ஒன்பதாம் பதிப்பு. ரகத்தின் பெயர் ஒற்றை மேற்கோள் குறிக்குள் வரவேண்டும். 1959 ஜனவரி 1 முதல் வைக்கும் பெயர் லத்தீன் வடிவில் இருக்கக் கூடாது. பேரினம் மாறினாலும் அந்த மேற்கோளுக்குள் இருப்பது அப்படியே கூடப் போகும். புரோமிலியாட்களுக்கு இந்தப் பதிவை நடத்துவது 1950-இல் தொடங்கிய சர்வதேசப் புரோமிலியாட் சங்கம். ரகத்தின் படம், பெற்றோர், யார் உருவாக்கினார்கள் என்பதை எல்லாம் அதன் இணையப் பதிவேட்டில் இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம்.

ஆனால் படத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். நியோரிஜீலியா பேரினத்து 'ஃபயர்பால்' ரகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தாய்ச்செடியிலிருந்து ஒரே நாளில் பிரித்த இரண்டு கன்றுகளை எடுத்து, ஒன்றைக் காலை வெயில் நேராக விழும் சுவரோரம் வைத்து, இன்னொன்றை மாமர நிழலில் வைத்துவிடுங்கள். வெயிலில் இருப்பது இலை குட்டையாகி, கிண்ணம்போல் இறுகி, திராட்சை ரசத்தின் சிவப்புக்கு வந்துவிடும். நிழலில் இருப்பது இலை நீண்டு, தொளதொளவென்று விரிந்து, பச்சையாகவே நிற்கும், அடியில் லேசாகச் செம்மை தட்டினால் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் புதிதாக வருகிறவர் ஒரே ரகம் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார். உரம் கொஞ்சம் தூக்கலாகப் போட்டாலும் இதே கதைதான். படத்தைப் பார்த்து "இது இன்ன ரகம்" என்று குழுக்களில் அடித்துச் சொல்கிறோமே, அது வெறும் ஊகம். அந்த ஊகம் அடுத்த ஆளின் தொட்டியில் பெயராக ஏறி, அவர் பிரித்துக் கொடுக்கும் கன்றுகளோடு பத்து ஊருக்குப் போய்விடுகிறது. 'ஃபயர்பால்' ஏராளமான சின்ன நியோரிஜீலியா கலப்பினங்களுக்குப் பெற்றோர். காட்டில் அது எந்த இனமாக இருந்தது என்பது இன்றுவரை தெளிவில்லை. பெயரும் ஊரும் இல்லாமல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த செடிக்கு அறிவியலாலும் விடை சொல்ல முடியாமல் போவதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

என்னை இந்த மடலை எழுத வைத்தது விதையிலிருந்து வரும் செடிகள். ஒரு நர்சரியில் பதிவான ரகப் பெயர் சொல்லி, அதற்குரிய விலையும் வாங்கிக்கொண்டு அனுப்பிய செடிகள் என்னிடம் வந்தன. வளர வளர ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றில் புள்ளி, ஒன்றில் கோடு, ஒன்று முழுப்பச்சை. கேட்டபோது, "அந்தச் செடியோட விதைதாங்க, எங்க தோட்டத்துலேயே எடுத்தது" என்றார்கள். அவர்கள் ஏமாற்ற நினைக்கவில்லை என்றே நம்புகிறேன். ஆனால் கலப்பினத்தின் விதை தாயைப்போல வராது. பக்கத்தில் முளைக்கும் கன்றுதான் அந்த ரகம். விதையில் வந்தது புதுச் செடி, அதற்குத் தாயின் பெயரைச் சூட்டக் கூடாது. ஆர்க்கிடில் ஒரே கலப்பில் பிறந்த எல்லாக் கன்றுகளுக்கும் சேர்த்து ஒரு பெயர் வைக்கும் வழக்கம் உண்டு. புரோமிலியாட்டுக்கு விதி அதை அனுமதிக்கவில்லை. ஒரே காயின் விதைகளாக இருந்தாலும் தேர்ந்தெடுத்த ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர்தான். பெயர் வைக்கும் அளவுக்குச் சிறப்பில்லை என்றால் பெற்றோர் இருவரின் பெயரையும் இடையில் பெருக்கல் குறி போட்டு எழுதிவிடுங்கள், போதும். தாயை முதலில் எழுதுவது வழக்கம்.

மண் இல்லாமலே வளரும் டிலான்ட்சியாக்களை, அதாவது காற்றுச்செடி விற்கிறவர்களுக்கு ஒன்று. டிலான்ட்சியா ஸீரோகிராஃபிகா, ஹாரிசியை, காம்மியை மூன்றும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் 'சைட்டிஸ்' ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. அவற்றின் பெயரை விட்டுவிட்டு 'ஏர் பிளான்ட் பெரியது' என்று விற்பது, கேள்வி கேட்பார் வந்தால் உங்களுக்கே ஆபத்து.

பெயர்ச்சீட்டு போனால் என்ன போகிறது என்பதற்கு ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். ஸ்மித்துக்கு முன் இந்தக் குடும்பத்தை முழுமையாக ஆராய்ந்தவர் ஜெர்மனியின் கார்ல் மெஸ். அவர் பெயர் வைத்த பல இனங்களின் மூல மாதிரிகள், அதாவது அந்தப் பெயர் எந்தச் செடிக்கு உரியது என்று காட்டும் காய்ந்த மாதிரிகள், பெர்லின் உலர்தாவரச் சாலையில் இருந்தன. 1943 மார்ச் மாதக் குண்டுவீச்சில் அந்தக் கட்டடம் எரிந்தது, மாதிரிகளில் மிகப் பெரும்பகுதி சாம்பலானது. ஆனாலும் பெயர்கள் முற்றிலும் அநாதை ஆகவில்லை. சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்துக்காக மேக்பிரைட் என்பவர் 1929 முதல் ஐரோப்பாவில் சுற்றி, மூல மாதிரிகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வைத்திருந்தார். வேறு ஊர்களில் சில நகல் மாதிரிகளும் இருந்தன. அவற்றை வைத்துத்தான் பின்னால் வந்தவர்கள் நூல் பிடித்துப் போனார்கள். நம் தோட்டத்து ரகங்களுக்கு அப்படி ஒரு மேக்பிரைட் கிடையாது. தொட்டியில் குத்தியிருக்கும் அந்த ஒரு பிளாஸ்டிக் துண்டுதான் முழு ஆவணமும். அது போனால் வியன்னாவிலிருந்து ஆள் வந்தாலும் மீட்டுத்தர முடியாது.

அந்தத் துண்டில் எதால் எழுதுகிறீர்கள் என்பதும் முக்கியம். 'பெர்மனென்ட்' என்று போட்டிருக்கும் மார்க்கர் நம் வெயிலில் ஒரு கோடைக்கே தாங்காமல் வெளுத்துவிடும். சாதாரண மர பென்சில் பல ஆண்டு நிற்கும். ஒரு சீட்டை மண்ணுக்குள் புதைத்து இன்னொன்றை வெளியே குத்திவைப்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல பழக்கம். கன்று பிரிக்கும் நாளில், தாயை வெட்டுவதற்கு முன்னாலேயே கன்றுக்கான சீட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரித்துக் குவித்த பிறகு எழுதலாம் என்று விட்டால் அங்கேதான் கலந்துபோகிறது.

பேரினம் மாறிய செடிகளுக்குப் புதுப் பெயரை எழுதி, பக்கத்தில் "முன்பு வ்ரீசியா" என்று பழையதையும் சேர்த்துவிட்டால் வாங்குகிறவருக்கும் குழப்பம் இல்லை, தேடுகிறவருக்கும் கிடைக்கும். உடனே எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பழைய பேரினப் பெயரிலேயே விட்டாலும் ரகப் பெயர் சரியாக இருந்தால் செடியைக் கண்டுபிடித்துவிடலாம். ரகம் தெரியாவிட்டால் "பெயர் தெரியாது" என்று தைரியமாக எழுதுங்கள், எந்த ஆண்டு யாரிடம் வாங்கியது என்பதையும் குறித்துவையுங்கள். பெயர் தெரியாத நல்ல செடியை நான் சந்தோஷமாக வாங்குவேன், என்னைப்போல் இன்னும் பலரும் வாங்குவார்கள்.

குழு நடத்துகிறவர்களே, "இது என்ன ரகம்?" என்ற கேள்வி வரும்போது, பதில் சொல்கிறவர் எதை வைத்துச் சொல்கிறார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களில் சொந்தமாகக் கலப்பு செய்து அருமையான செடிகளை உருவாக்கியவர்கள் சிலரை நான் அறிவேன். அவற்றைப் பெற்றோர் விவரத்தோடு முறைப்படி பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவேட்டில் நம் ஊர்த் தோட்டங்களின் பெயரும் ஏறட்டும்.

நர்சரி நண்பர்களே, அடுத்த விலைப்பட்டியல் போடும்போது இரண்டு காரியம் மட்டும் செய்து காட்டுங்கள். பெயர் உறுதியான செடிகளை ஒரு பகுதியாகவும், உறுதியில்லாதவற்றை இன்னொரு பகுதியாகவும் பிரித்துப் போடுங்கள். விதையில் வந்ததை 'விதைச்செடி' என்று விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களிடம் தொடர்ந்து செடி வாங்கும் ஒரு புரோமிலியாட் வளர்ப்பாளர்