படை முகாம் வேலிக்குள் இருக்கும் எங்கள் காணியையும் கிணற்றையும் விடுவிக்கக் கோரும் மனு

பிரதேச செயலாளர் அவர்களுக்கு,

ஐயா,

வணக்கம். முன்பு தந்த மனுக்களுக்குப் பதில் வராதபடியால் மீண்டும் எழுதுகிறோம். இடத்தை விளக்கத் தேவையில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகும்போது தாங்களும் அந்த வேலி ஓரத்தால்தான் போகிறீர்கள்.

1. காணிகளுக்கு அனுமதிப்பத்திரம் உண்டு. பிரதிகள் மறுபடியும் இணைத்துள்ளோம்.

2. 2012 செப்டெம்பரில் இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமை மூடியபோது, ஊருக்குப் போகலாம் என்றுதான் எங்களை பஸ்ஸில் ஏற்றினார்கள். இறக்கியது காடு வெட்டிய வெளியில்.

3. தண்ணீர்தான் பெரிய வதை, ஐயா. வேலிக்குள் இருப்பது கட்டுக்கிணறு, எந்தக் கோடையிலும் வற்றாது. துலாவில் அள்ளிய காலத்திலேயே சுற்றுவட்டம் எல்லாம் அங்கேதான் குடித்தது. இப்போது அதில் மோட்டர் பூட்டி முகாமின் பூக்கன்றுகளுக்கு இறைக்கிறார்கள். வேலியடியில் நின்றால் சத்தம் கேட்கும். எங்களுக்கோ தண்ணி கொண்டுவரும் பவுசர், அதுவும் வந்தால்தான் நிச்சயம். குடத்தில் பெயர் எழுதி விடிய முன்னமே நிரையில் வைக்கிறோம். தண்ணி பிடித்துவிட்டுப் போவதால் பிள்ளைகள் பள்ளிக்குப் பிந்துகிறார்கள். இங்கே வெட்டிய கிணறு உவர். அந்தத் தண்ணியில் தேத்தண்ணி போட்டால் பால் திரைகிறது. சொந்தக் கிணறு கண்ணுக்கு முன்னால் இருக்க, வயதுபோன அம்மாமார் வாளியோடு பவுசருக்குப் பின்னால் ஓட வேண்டுமா?

4. யுத்தத்தை முடிப்போம் என்று வாக்குக் கேட்டவர்களை எல்லாம் கண்டுவிட்டோம். 1994 இல் சந்திரிகா சமாதானம் என்றார். 1997 மே மாதம் ஜெயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கை வன்னிக்குள் வந்தது. 2002 பெப்ரவரியில் ரணில் புலிகளோடு போர்நிறுத்த ஒப்பந்தம் போட்டார், ஏ9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டது, 2008 ஜனவரியில் ஒப்பந்தமும் போய்விட்டது. (குழப்பியது ஒரு பக்கம் மட்டும் இல்லை, அது எங்களுக்கும் தெரியும். செத்தது நாங்கள்.) 2009 மே 19 இல் மகிந்த பாராளுமன்றத்தில் யுத்தம் முடிந்தது என்றார். சரி, முடிந்தது. அப்புறம் எங்கள் வளவுக்குள் சென்றி எதற்கு? யாரைப் பார்த்துக் காவல்? 2018 டிசெம்பர் 31 க்குள் மக்களின் காணிகளை விடச்சொல்லி அப்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால உத்தரவு போட்டார். அந்தத் திகதி போய் எத்தனை தைப்பொங்கல் வந்துவிட்டது! தேர்தல் வந்தால் இதே வேலியடிக்கு வந்து படம் எடுக்கிறார்கள். வென்ற பிறகு போன் எடுப்பதில்லை.

5. தங்கள் கந்தோரில் கேட்டால் ‘மேலிடத்துக்கு அனுப்பியாச்சு’ என்கிறார்கள். அந்த மேலிடம் எது என்று ஒருவரும் சொல்வதில்லை. கோபித்து எழுதுவதாக நினைக்க வேண்டாம் ஐயா. நினைத்தாலும் பரவாயில்லை.

6. முழுக்காணியும் இப்போது முடியாதென்றால், வேலியைப் பின்னுக்குத் தள்ளிக் கிணற்றடியையாவது விடுவித்துத் தாருங்கள்.

காணியை விடுவிக்க ஆவன செய்யும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்கிறோம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுத வேண்டாம். எந்தத் திகதியில் வேலி நகரும் என்று எழுத்தில் தாருங்கள். அதுவரை பவுசரை ஒன்றுவிட்ட ஒரு நாளாவது தவறாமல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காணி உரிமையாளர்கள்
(கையொப்பங்கள் மறுபக்கம்)